கம்பெனி கிளம்பிடுச்சு, வண்டி நிக்குது: ஃபோர்டு எண்டெவர் ஓனர்களின் அனுபவம் சொல்லும் பாடம் என்ன?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் வல்லம் ஒன்றியத்தில் ஒரு குடும்பம் இருக்குன்னு வெச்சுக்குவோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, கூடவே அத்தை. மொத்தம் ஏழு பேர். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, முகூர்த்த நாளில் சென்னை. எல்லோரும் ஒரே வண்டியில் போகணும், மேடு பள்ளத்திலும் தட்டாமல் போகணும். பத்து வருடங்களுக்கு முன்னால் கையில் காசு இருந்த இப்படியொரு குடும்பம் ஷோரூமுக்குப் போனால், பெரும்பாலும் ரெண்டு பெயர்தான் பேச்சில் அடிபடும். ஒன்று டொயோட்டா ஃபார்ச்சூனர். இன்னொன்று ஃபோர்டு எண்டெவர்.

ஃபார்ச்சூனர் வாங்கியவருக்கு இன்றைக்கும் ஷோரூம் இருக்கு. எண்டெவர் வாங்கியவருக்கு வண்டி மட்டும் இருக்கு. அதை விற்ற நிறுவனம் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திடுச்சு. இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காருக்கு நிறுவனம் போன பிறகு என்ன ஆகும்? பாகம் கிடைக்குமா? இன்சூரன்ஸ் என்ன சொல்லும்? செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

எண்டெவர் நம்ம ஊர் வண்டின்னே சொல்லலாம். திண்டிவனத்திலிருந்து சென்னை நோக்கி சுமார் 80 கிலோமீட்டர் போனால் வரும் மறைமலை நகர் ஆலையில்தான் அது தயாரானது. 1990-களின் நடுவில் மஹிந்திராவுடன் கூட்டு சேர்ந்து இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு, 2003-ல் எண்டெவரை இங்கே அறிமுகம் செய்தது. இன்றைக்கு ரோட்டில் அதிகம் பார்க்கும் மாடல், 2016 ஜனவரியில் வந்தது. 2.2 லிட்டர், 3.2 லிட்டர் என ரெண்டு டீசல் என்ஜின்கள். 2020-ல் பிஎஸ்-6 விதி வந்தபோது ரெண்டையும் நிறுத்திவிட்டு, 10 கியர் ஆட்டோமேட்டிக்குடன் 2 லிட்டர் டீசலைக் கொண்டுவந்தார்கள்.

2021 செப்டம்பர் 9-ம் தேதி ஃபோர்டின் அறிவிப்பு வந்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், அதனால் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்றது. சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு என்று நிறுவனமே சொன்னது. எண்டெவர் விற்பனையும் அதோடு முடிந்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது. குஜராத்தின் சானந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது.

இது முதல் முறையும் இல்லை. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி பஜேரோ நினைவிருக்கா? ஒரு காலத்தில் பெரிய வீட்டு அடையாளம். அதுவும் சந்தையிலிருந்து மறைந்தது. கேப்டிவா, டிரெயில்பிளேசர் விற்ற செவர்லே, 2017 முடிவோடு இந்திய விற்பனையை நிறுத்தியது.

பாகம் கிடைக்குதா, இல்லையா?

வெளியேறும்போது ஃபோர்டு ஒரு உறுதி கொடுத்தது. சர்வீஸ், உதிரி பாகம், வாரண்டி தொடரும். டெல்லி, சென்னை, மும்பை, சானந்த், கொல்கத்தாவில் பாகக் கிடங்குகள் இருக்கும் என்பதுதான் அது. ஆக, நாளைக்கே வண்டியைக் காயலான் கடையில் போட வேண்டிய நிலைமை இல்லை.

ஆனால் எந்தப் பாகம் என்பதைப் பொறுத்து கதை மாறும்.

முதல் வகை: ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட், டயர், பேட்டரி. தேய்ந்து மாற்றும் பொருட்கள். இவற்றுக்கு வெளிச்சந்தையிலும் மாற்று உண்டு. பெரிய தலைவலி இல்லை.

இரண்டாவது வகை: என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன். இங்கே எண்டெவருக்கு ஒரு அதிர்ஷ்டம். தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதே வண்டி 'எவரெஸ்ட்' என்ற பெயரில் ஓடுது. ஃபோர்டின் 'ரேஞ்சர்' பிக்கப்பும் அதே அடித்தளம்தான். அதனால் இந்தப் பாகங்களுக்கு உலக அளவில் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது வகைதான் சிக்கல்: ஹெட்லைட், பம்பர், கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு, எலக்ட்ரானிக் யூனிட்கள். 2022-ல் எவரெஸ்டின் அடுத்த தலைமுறை வந்து, வெளித்தோற்றமே மாறிவிட்டது. பழைய உருவத்துக்கான பாகங்களின் தேவை வருடா வருடம் குறையத்தானே செய்யும்? என்ஜின் கோளாறைவிட ஒரு சின்ன முட்டல்தான் இந்த வண்டியை அதிக நாள் நிறுத்தி வைக்கும். இதை ஓனர்கள் மனசில் வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்து மெக்கானிக் பார்க்க முடியாதா?

பார்க்கலாம். ஆனால் இன்றைய வண்டியில் பாதி வேலை ஸ்பேனரில் இல்லை, ஸ்கேனரில்தான் இருக்கு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறைப் படிக்கணும். சில யூனிட்களை மாற்றினால் மென்பொருள் வழியாக வண்டிக்கு அறிமுகப்படுத்தணும். அந்தக் கருவி யார் கையில் இருக்கு என்பதுதான் கேள்வி.

இந்தச் சண்டை பழசு. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல், எல்லோரையும் தங்கள் சர்வீஸ் சென்டருக்கே வரவைக்கிறார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகார் போனது. 2014 ஆகஸ்ட்டில் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஃபோர்டு, டொயோட்டா, செவர்லே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், பிஎம்டபிள்யூ என எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தையும் தொடங்கியது.

வல்லம் போன்ற ஊரில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். சென்னைக்காரருக்கு நாலு சர்வீஸ் சென்டர் தெரியும். ஒன்று சரியில்லைன்னா இன்னொன்று. நமக்கு ஒரு பழுது என்றால் ஒரு நாள் வேலை போச்சு. வண்டி ஓடவே இல்லைன்னா, ரெக்கவரி வேன் செலவும் சேரும்.

இன்சூரன்ஸில் என்ன கவனிக்கணும்?

பல ஓனர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உங்கள் பாலிசியில் 'ஐடிவி' என்று ஒரு தொகை இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்குப்படி வண்டியின் இன்றைய மதிப்பு அது. நாலு முதல் அஞ்சு வயது வண்டிக்கு, பட்டியல் விலையில் 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். அஞ்சு வயதைத் தாண்டினால், நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்யும் தொகைதான்.

ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று முடிப்பார்கள். இப்போ கணக்குப் போடுங்க. வண்டியின் மதிப்பு வருடா வருடம் இறங்குது. கிடைக்க அரிதான பாகத்தின் விலை ஏறுது. ரெண்டு கோடும் சந்திக்கும் இடத்தில், நல்ல நிலைமையில் இருக்கும் வண்டிகூட ஒரே விபத்தில் 'முடிஞ்சுது' ஆகிடும். அதனால் பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்க ஐடிவியைக் குறைத்துப் போடாதீங்க.

இன்னொன்று, வெள்ளம். 2024 டிசம்பர் முதல் தேதியோடு முடிந்த ஒரே நாளில், ஃபெஞ்சல் புயலால் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை விழுப்புரம் மாவட்டம் மறந்திருக்காது. எண்டெவர் 800 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொன்னது. அது நிதானமாகக் கடக்கும் வண்டிக்கு, ஆழம் தெரிந்த தண்ணீருக்கு. ஆழம் தெரியாமல் இறங்கி என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், சாதாரண பாலிசியில் பொதுவாக அந்த என்ஜின் செலவு கிடைக்காது. 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் தனியாக எடுத்திருக்கணும்.

அப்போ ஏன் இன்னும் விரும்புறாங்க?

நியாயமான கேள்வி. கனமான உடல், லாரி மாதிரி தனிச் சட்டம், ஹைவேயில் ஆட்டம் போடாத நிலைத்தன்மை, 225 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், லேசான ஸ்டீயரிங். தாத்தா பாட்டிக்கு ஏற இறங்கத்தான் கொஞ்சம் உயரம். மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்கே ஏற்றது.

புதுசா வாங்கும் செலவும் ஒரு காரணம். பெரிய எஸ்யூவிக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 22 சதவீத செஸ்ஸும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மொத்தம் 40 சதவீதம். ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வண்டி 40 லட்சம் என்றால், இந்த வரி மட்டும் 8 லட்சம்! இதைப் பார்த்துப் பலர் செகண்ட் ஹேண்ட் பக்கம் திரும்புறாங்க.

அங்கேயும் கவனம். டெல்லி வட்டாரத்தில் பழைய டீசல் கார்களுக்கு நீண்ட காலமாகக் கெடுபிடி இருப்பதால், அங்கிருந்து வண்டிகள் மலிவாக வருது. தடையில்லாச் சான்று வாங்கணும், வண்டியின் வயதைப் பொறுத்து இங்கே மறுபடி வரி கட்டணும். அதையும் சேர்த்தால்தான் உண்மையான விலை.

ஃபோர்டு திரும்ப வருதாமே?

வருது, ஆனால் கார் விற்க இல்லை. 2025 அக்டோபர் 31-ல் தமிழ்நாடு அரசுடன் போட்ட ஒப்பந்தப்படி, மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் தயாரிக்கப் போகுது. 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்பது திட்டம். வேலைவாய்ப்புக்கு நல்ல செய்தி. எண்டெவர் ஹெட்லைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

பாகமே வரலைன்னா எங்கே போறது?

முதலில் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு, பாகம் ஆர்டர் போட்ட தேதி, எத்தனை நாளில் வரும் என்ற பதில், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்க. வாய்ப்பேச்சு எங்கேயும் நிற்காது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரலைன்னா நுகர்வோர் ஆணையம். பிரச்சினை வந்த ரெண்டு வருடத்துக்குள் வழக்குப் போடணும். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால், விழுப்புரத்தில் இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கம்பெனி தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டமே போதும் என்கிறது 2019 சட்டம்.

இனி வாங்குறவங்க என்ன கேட்கணும்?

ஷோரூமில் சன்ரூஃப் பற்றியும் ஸ்கிரீன் சைஸ் பற்றியும் கேட்காமலே சொல்லுவாங்க. நாம் கேட்க வேண்டியது வேற.

வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்? முன்பக்க ஹெட்லைட் ஒன்று என்ன விலை, எத்தனை நாளில் வரும்? இந்த மாடல் இங்கே தயாராகுதா, இறக்குமதியா? வேறு நாட்டில் இதே வண்டி விற்குதா? வாரண்டி முடிந்த பிறகு வெளி மெக்கானிக் தொட முடியுமா?

முடிந்தால் அதே மாடலை ஆறேழு வருடமாக வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பேசுங்க. டெஸ்ட் டிரைவில் தெரிவது அரை மணி நேர வண்டி. அவர் சொல்வதுதான் நீங்கள் பத்து வருடம் ஓட்டப் போகும் வண்டி.