வெயில் காணாத சுவருக்கு என்ன நிறம்?

"அண்ணை, பேஸ்மென்ற் அறைக்கு என்ன கலர் அடிக்கலாம்?" ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களோடு தேத்தண்ணி குடிக்க இருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்கிறவர் கையில் நாலைந்து நிற அட்டைகள் இருக்கும். கடையில் பார்க்க எல்லாமே வடிவாகத்தான் இருந்திருக்கும். நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அங்கே என்ன லைற் பூட்டியிருக்கிறீர்கள்?

மேல்மாடி அறையென்றால் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, காலை வெயிலா பின்னேர வெயிலா என்று பார்த்து நிறம் எடுப்போம். சன்னல் இல்லாத நிலக்கீழ் அறைக்குத் திசை கிடையாது. காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும், ஜூலையிலும் ஜனவரியிலும் அங்கே ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சத்தைக் கடையில் வாங்கிவந்து பூட்டுகிறவர் நீங்கள். மேலே உள்ள சுவர்கள் நாளுக்கு நாலு தரம் நிறம் மாறும். கீழே உள்ள சுவர் மாறாது. இதில் ஒரு வசதி உண்டு. லைற்றை முதலில் முடிவு செய்துவிட்டால் பெயின்ற் எப்படித் தெரியும் என்பதைக் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அநேகம் பேர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பெயின்ற் அடித்து முடித்து, அது சரிவரவில்லை என்று கண்ட பிறகுதான் லைற்றை மாற்றப் பார்க்கிறார்கள்.

லைற் பெட்டியில் 2700, 3000, 4000, 5000 என்று ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் கெல்வின் குறியும் இருக்கும். எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகும், கூடினால் நீலப் பக்கம் போகும். பழைய இழைக் குமிழின் வெளிச்சம் 2700ஐ ஒட்டியது. எங்கள் ஊர்களில் ரியூப் லைற் பழகியவர்களுக்கு 5000, 6500 பிடிக்கும். வெள்ளை வெளிச்சம்தான் "நல்ல வெளிச்சம்" என்ற எண்ணம் எங்களை விட்டுப் போகவில்லை. இங்கே வந்தும் பேஸ்மென்ற்றில் அதையே போட்டு, குடியிருக்கும் அறையை மருந்துக்கடை ஆக்கிவிடுகிறோம். வெளிச்சத்தின் அளவு குறைவாக இருக்கும்போது நீலம் கலந்த வெள்ளை மனதுக்குச் சோர்வாகத் தெரியும் என்று 1941இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் இயற்பியலாளர் கிராய்தோஃப் எழுதினார். அவர் வரைந்த வளைகோட்டைப் பின்வந்த ஆய்வுகள் முழுக்க ஏற்கவில்லை. ஆனாலும் மங்கலான நீல வெள்ளையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். இருந்து கதைக்கவும் ரீவி பார்க்கவும் 2700 முதல் 3000 வரை நல்லது. பிள்ளைகள் படிக்கும் அறை, தையல் அறை என்றால் 3500, கூடினால் 4000. அதற்கு மேலே போக ஒரு காரணமும் இல்லை.

இப்போது வரும் மெல்லிய பொட் லைற்றுகளில் ஒரு சங்கதி இருக்கிறது. கூரைக்குள் மறையும் சின்னப் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை நகர்த்தினால் அதே லைற் 2700 ஆகவும் 5000 ஆகவும் மாறும். எலக்ட்றீசியன் தன் பாட்டில் ஏதோ ஒன்றில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். பெயின்ற் பிடிக்கவில்லை என்று திரும்ப அடிக்க முன்னர் ஒரு லைற்றை இறக்கி அந்தச் சுவிட்சைப் பாருங்கள். சில வீடுகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

பெட்டியில் இருக்கும் இன்னோர் எண் சி.ஆர்.ஐ. அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு ஒழுங்காகத் தெரியும் என்பதை 100க்குள் சொல்லும் அளவு அது. மலிவான எல்.ஈ.டி. அநேகமாக 80இல் நிற்கும். அந்தக் கணக்கு எட்டு மென்னிறங்களின் சராசரி. அடர்ந்த சிவப்பு அதில் சேர்க்கப்படுவதில்லை. அதனால் 80 வாங்கிய லைற்றின் கீழே குங்குமம் மண்ணிறமாகவும் ஆட்களின் முகம் வெளிறியும் தெரியலாம். சன்னல் உள்ள அறையில் பகல் வெளிச்சம் இதைச் சரிக்கட்டிவிடும். கீழே சரிக்கட்ட ஒன்றுமில்லை என்பதால் 90க்கு மேலே உள்ளதையே வாங்குங்கள். அளவைப் பொறுத்தவரை 12க்கு 15 அடி அறைக்கு எல்லா லைற்றும் சேர்ந்து நாலாயிரம், ஐயாயிரம் லூமன் தேவை. பழைய 60 வாற் குமிழ் ஒன்று தந்தது ஏறக்குறைய 800. டிம்மர் ஒன்றும் பூட்டிவிட்டால் கூடினாலும் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, இனிப் பெயின்ற்.

"இருட்டு அறைதானே, பளிச்சென்ற வெள்ளையை அடித்துவிட்டால் என்ன?" என்பதுதான் அடுத்த கேள்வி. பாதி சரி. வெள்ளைக்குச் சொந்தமாக நிறம் இல்லை. கிடைத்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது ஒன்றுதான் அதன் வேலை. கிடைப்பது போதாமல் இருந்தால் மூலைகளும் கூரையோரமும் நிழலுக்குள் போகும். நிறமில்லாத சுவரில் நிழல் விழுந்தால் கண்ணுக்கு அது சாம்பல், இன்னும் சொன்னால் ஊத்தை. ஊரில் சுண்ணாம்புக்குள் கொஞ்சம் நீலம் கரைத்து அடிப்பார்கள், ஞாபகமா? சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அந்த நீலம் கொன்றுவிடும்; வெயிலில் சுவர் கண் கூசும். அது சூரியனை நம்பிச் செய்த வேலை. நீலச் சாயல் உள்ள வெள்ளையை பேஸ்மென்ற்றில் அடித்தால் அந்தச் சுவர் பனிக்கால வானம் மாதிரித்தான் கிடக்கும். மஞ்சளோ சிவப்போ ஒரு துளி கலந்த வெள்ளைக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் நிழலும் கொஞ்சம் சூடான நிறத்தில் விழும்.

எவ்வளவு வெளிர் நிறம் வேண்டும் என்று பார்க்க நிற அட்டையின் பின்புறத்திலோ கம்பனியின் இணையப் பக்கத்திலோ எல்.ஆர்.வி. என்ற எண்ணைத் தேடுங்கள். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதுதான் அது. பெஞ்சமின் மூரின் வைற் டவ் 80ஐத் தாண்டும். அதே கம்பனியின் ஹேல் நேவி 10ஐத் தொடாது. மூடிய அறையில் இந்த எண் பார்வைக்குத் தெரிவதைவிடக் கூடுதலாக வேலை செய்கிறது. காரணம், வெளிச்சம் ஒரு சுவரில் பட்டதோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த சுவருக்குப் போகிறது, கூரைக்குப் போகிறது, திரும்ப வருகிறது. சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்துச் சராசரியாக 40 சதவீதம் திருப்பிவிடும் அறையில், பட்டுத் திரும்புவதையெல்லாம் கூட்டினால் லைற் தந்ததைப் போல ஒன்றரை மடங்கும் சொச்சமும் வரும். 70 சதவீதம் திருப்பிவிடும் அறையில் மூன்று மடங்குக்கு மேல். அதாவது லைற்றில் கை வைக்காமலே அறை இரண்டு மடங்கு வெளிச்சமாகிறது. கறுப்புக் கார்ப்பெற்றைப் போட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் பளிச்சென்ற வெள்ளை தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை யோசிக்க வேண்டும். சராசரியை இழுத்து விழுத்துவது அநேகமாகத் தரைதான்.

இதே துள்ளல் நிறத்தையும் ஏற்றிவிடும். மஞ்சள் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் ஏற்கெனவே மஞ்சள். அது எதிரே உள்ள மஞ்சள் சுவரில் பட்டால் இன்னும் மஞ்சள். கடையில் உள்ளங்கையளவு அட்டையில் சாதுவாக இருந்த எலுமிச்சை நிறம் நாலு சுவரிலும் ஏறியதும் கத்துவது இதனால்தான். இதற்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும் ஒன்றும் உண்டு: வெளிச்சம் குறையக் குறைய எந்த நிறமும் செறிவு குறைந்து, நரைத்துத் தெரியும். ஆக ஒன்று நிறத்தை ஏற்ற, மற்றது இறக்க, எது வெல்லும் என்பது உங்கள் அறையைப் பொறுத்தது. என் கட்சி இது: பிடித்த நிறத்தைக் கண்டபின் அதே அட்டையில் ஒரு படி வெளிறியதை, கொஞ்சம் சாம்பல் கலந்ததை எடுங்கள். கடையில் கேட்டால் அதே நிறத்தைப் பாதிச் செறிவிலும் கலந்து தருவார்கள். பால் கூடிய தேத்தண்ணியின் மேல்நுரை நிறம், சாம்பல் கலந்த பிஸ்தாப் பச்சை, மிக வெளிறிய செங்கல் நிறம், எல்.ஆர்.வி. 60க்கும் 80க்கும் நடுவில் ஏதாவது. இவை பிழைக்காது. பிழைப்பது குளிர்ந்த சாம்பல். விற்பதற்காகத் திருத்திய ரொறன்ரோ வீடுகளில் பேஸ்மென்ற் முழுக்க இந்தச் சாம்பலைத்தான் அடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சாம்பலுக்குள்ளும் நீலமோ ஊதாவோ பச்சையோ ஒளிந்திருக்கும். அது வெளியே வருவதற்கு மலிவான எல்.ஈ.டி. ஒன்று போதும்.

இருட்டோடு மல்லுக்கட்டாமல் அதை ஏற்றுக்கொள்வது இன்னொரு வழி. படம் பார்க்கும் அறை, கராயோக்கி அறை என்றால் ஆழ்ந்த நீலம், கரும்பச்சை, காய்ந்த மிளகாய்ச் சிவப்பு என்று துணிந்து போகலாம். புறொஜெக்ரர் வைத்திருப்பவர்களுக்கு இது அலங்காரத்துக்கு மட்டும் உரியதில்லை. திரையிலிருந்து சிதறும் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரைக்கே திரும்பி வந்து படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். கருஞ்சுவர் அதை விழுங்கிக்கொள்ளும். ஆனால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். கூரையும் கரும் நிறமாக, பளபளப்பு இல்லாததாக இருக்க வேண்டும். அடியில் சாம்பல் நிறப் பிறைமர் அடிக்காவிட்டால் கரும் நிறம் மூன்று நாலு தரம் கேட்கும். நடுவில் நிற்கும் நிறங்கள்தான், அதாவது எல்.ஆர்.வி. 30, 40 என்று இருப்பவை, இப்படியான அறையில் மோசம். வெளிச்சத்தையும் தராது, ஆழத்தையும் தராது.

பளபளப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் துடைக்கக்கூடிய எக்ஷெல், கூரைக்கு மற். சற்றின் அடித்தால் தாழ்ந்த கூரையின் பொட் லைற் ஒவ்வொன்றும் சுவரில் கோடாக மின்னும், பூச்சின் மேடு பள்ளமும் தெரியும். காற்றுக் குழாயை மறைக்கக் கூரையில் கட்டிய பெட்டியைக் கூரை நிறத்திலேயே அடியுங்கள். சிலர் அதை எடுத்துக்காட்டுவதற்கென்று வேறு நிறம் அடிக்கிறார்கள்; எடுத்துக்காட்ட அதில் என்ன இருக்கிறது?

பொட் லைற்றுகளின் வெளிச்சம் நேரே தரைக்குப் போகும். அறைக்குள் வருகிறவரின் கண்ணோ சுவரைத்தான் முதலில் பார்க்கும். தரை பளிச்சென்றும் சுவர் மங்கியும் இருந்தால் எந்தப் பெயின்ற்றும் காப்பாற்றாது. கூரையை நோக்கி வெளிச்சம் வீசும் நிலை விளக்கு ஒன்றை மூலையில் வையுங்கள். கலன் கணக்கில் பெயின்ற் மாற்றுவதைவிட மலிவு.

வாங்க முன்னர் செய்ய வேண்டியது: சின்ன டப்பா மாதிரிப் பெயின்ற் வாங்கி, பெரிய வெள்ளை பிரிஸ்ரல் மட்டையில், ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு இரண்டு தரம் அடியுங்கள். நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக்கூடாது. பிறகு மட்டையை நிமிர்த்திச் சுவரோடு சாத்தி, பூட்டப்போகும் அதே லைற்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு தரம் மூலையில், ஒரு தரம் லைற்றுக்கு நேர் கீழே. மேசையில் படுக்க வைத்துப் பார்த்தால் சுவரில் விழுவதைவிடக் கூடிய வெளிச்சம் விழும், ஏமாந்துபோவீர்கள். மேலே வெயிலில் நின்றுவிட்டு இறங்கிய கையோடு தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். கண் பழகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சுவர் காய்ந்திருந்தால்தான். கொங்கிறீற் சுவரில் வெள்ளை மாப்போல உப்புப் பூத்திருந்தால் சுவருக்குள்ளால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அதன்மேல் எந்த விலைப் பெயின்ற் அடித்தாலும் பொருக்காகக் கழன்று விழும். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்ரிக் தாளை நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்னால் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்துக்கு டிஹியுமிடிஃபையர் போதும், ஈரப்பதனை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கலாம். சுவரிலிருந்து வருவதற்கு வெளியே மண்ணையும் பீலியையும் பார்க்க வேண்டும். சன்னல் இல்லாத அறையில் பெயின்ற் அடிக்கும்போது மணம் குறைந்த வகையை வாங்கி, வாசலில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்து அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த அறையை வாடகைக்கோ ஊரிலிருந்து வரும் உறவினருக்கோ படுக்கக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், நிற அட்டைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒன்ராறியோவில், நேரே வெளியே போகக் கதவில்லாத தளத்தில் படுக்கை அறை இருந்தால், குறைந்தது 0.35 சதுர மீற்றர் திறப்புள்ள, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாத சன்னல் ஒன்றாவது வேண்டும் என்பது பொது விதி. தீப்பிடித்தால் ஆள் தப்பி வெளியே வருவதற்காக வைத்தது. உங்கள் வீட்டுக்கு எந்த விதி பொருந்தும் என்று நகரசபையில் கேட்டுவிட்டுப் பிறகு பெயின்ற் கடைக்குப் போங்கள்.