எபிசோடு 47: ஒரு பிளாட், ஒரு கலுங்கு, மூணு எருமை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

போன வாரம் முழுக்க டேட்டாபேஸ் பத்திப் பேசி உங்களைத் தூங்க வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சிட்டு ஊரைச் சுத்துவோம். எங்க ஊரு பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டுல விளாங்குடி தாண்டினா வரும். வெளியூர்க்காரங்ககிட்ட பரவைன்னு சொன்னா, "முனியம்மா பாட்டி ஊரா?"ன்னு கேப்பாங்க. ஆமா, 2003-ல வந்த 'தூள்' படத்துல பாடின அதே பரவை முனியம்மா. உள்ளூர்க்காரங்களுக்கு பரவைன்னா காய்கறி மார்க்கெட்டு. ஊரு தூங்குற நேரத்துல தக்காளி லாரியும் வெங்காய லாரியும் வரிசை கட்டி நிக்கும்.

ஆனா பழைய தமிழ்ல 'பரவை'ன்னா கடல், பரந்து கிடக்கிற தண்ணின்னு அர்த்தம். இந்த எபிசோடுக்கு அந்த அர்த்தம்தான் பொருத்தம்.

2024 மே மாசம். எங்க அப்பா ரிட்டயர்டு ஆகி, கைக்கு வந்த பணத்துல ஒரு பிளாட் வாங்கணும்னு நின்னாரு. முப்பத்தஞ்சு வருஷ உழைப்பு மொத்தமும் அந்தப் பணம்தான். பரவையைத் தாண்டி ஒரு லேஅவுட். பேரு வேண்டாம். தார் ரோடு, நட்ட தென்னங்கன்னு, கலர்க்கொடி, மோர் கொடுத்து வரவேற்பு, எல்லாம் பக்கா. ஒரு ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் அம்மாவும் போனோம். தரை காஞ்சு வெடிச்சுக் கிடந்துச்சு. அப்பா மண்ணைக் கையில அள்ளிப் பாத்து, "நல்ல கெட்டி மண்ணுடா"ன்னாரு. இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸும் கொடுத்துட்டாரு.

அம்மாதான் கேட்டாங்க. "ஏன்டா, அங்கிட்டு வரிசையா கல்லு நட்டிருக்கே, அது என்னது?"

திரும்பிப் பாத்தேன். கொஞ்ச தூரத்துல ஒரு மண்மேடு. அது ஒரு இடத்துல தாழ்ந்து, கருங்கல் கட்டடமா இருக்கு. அது மேல முழங்கால் உயரத்துல பத்துப் பன்னெண்டு குத்துக்கல். புரோக்கர் அண்ணன், "அது பழைய காலத்து எல்லைக்கல்லும்மா"ன்னுட்டாரு. நானும் நம்பிட்டேன். பி.இ. படிச்சு என்ன பிரயோஜனம்?

கிளம்புற நேரத்துல மூணு எருமையை ஓட்டிக்கிட்டு ஒரு பெரியவர் வந்தாரு. "ஐயா, அந்தக் கல்லு என்ன?"ன்னு சும்மாதான் கேட்டேன். அவரு என்னைப் பாத்தாரு, அப்பா கையில இருந்த பிளாட் மேப்பைப் பாத்தாரு.

"அது கலுங்கு தம்பி. கண்மாய் நெறஞ்சா தண்ணி அது வழியாத்தான் எறங்கும். எறங்கி இங்கிட்டுத்தான் வரும்."

'இங்கிட்டு'ன்னு அவரு காட்டின கை, நாங்க நின்ன இடத்தைத்தான் காட்டுச்சு.

கண்மாய்னா என்ன?

எத்தனையோ வருஷமா கண்மாயைப் பாத்துக்கிட்டே பஸ்ல போயிருக்கேன். அது எப்படி வேலை செய்யுதுன்னு அன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள்ல பாதிப் பேருக்கும் தெரியாதுன்னு நம்புறேன், அதனால சொல்றேன்.

நம்ம பக்கம் மழையில பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள பெய்யும். அதுவும் சில நாள்ல கொட்டித் தீத்துடும். அதைப் பிடிச்சு வச்சாத்தான் மிச்ச மாசம் பொழைப்பு. தோண்டி ஏரி அமைக்கிற அளவுக்கு ஆள் பலம் யாருகிட்ட இருக்கு? அதனால நிலம் லேசா சரியிற இடமாப் பாத்து, பள்ளத்துப் பக்கம் மட்டும் வில்லு மாதிரி வளைச்சு ஒரு மண் கரை போட்டாங்க. மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும், அந்தப் பக்கத்துல இருந்துதான் தண்ணி வரும். தெப்பக்குளம் வேற. அது நாலு பக்கமும் கல்லு கட்டினது, மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து பனையூர் கால்வாய் வழியாத் தண்ணி வரும். கண்மாய்க்கு மேட்டுப் பக்கம் சுவரே கிடையாது.

கண்மாய்க்கு நாலு உறுப்பு. தண்ணி உள்ளே வர்ற வழி, வரத்துக்கால். தண்ணி நிக்கிற பரப்பு, உள்வாய். வயலுக்குத் தண்ணி விடுற கதவு, மடை. கரையை ஒட்டி உள்வாய்க்குள்ள ரெண்டு கல்தூண் நிக்கும் பாருங்க, அதுதான் மடைத்தூண். பக்கத்துலயே மடைக்கருப்பு கோயில் இருந்தாலும் இருக்கும். நாலாவது, கலுங்கு. கண்மாய் நெறஞ்சு கரை மேல தண்ணி ஏறினா மண் கரை உடைஞ்சு ஊரே போயிடும். அது நடக்காம இருக்க, ஒரு இடத்துல மட்டும் கரையைத் தாழ்த்தி, கல்லு பாவி, "மிச்சம் இருந்தா இப்படிப் போ"ன்னு வழி விடுறது. அந்தக் குத்துக்கல்லு எல்லைக்கல் இல்ல. மழை முடியிற நேரத்துல கல்லுக்கு நடுவுல மண்ணும் தழையும் வச்சு அடைச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி சேத்து வைக்கலாம். வெள்ளம் வந்தா அடைப்பு தானாப் பிச்சுக்கிட்டுப் போயிடும்.

கலுங்குல வழிஞ்சு ஓடுற தண்ணிக்குப் பேரு மறுகால். அந்த மறுகால் எங்கே போகும்? அடுத்த கண்மாய்க்கு. அங்க நெறஞ்சா அதுக்கடுத்த கண்மாய்க்கு. ஒண்ணோட அவுட்புட் இன்னொண்ணோட இன்புட். நம்ம பாஷையில சொன்னா லிங்க்டு லிஸ்ட். நடுவுல ஒரு நோடை டெலீட் பண்ணிட்டு பாயின்டரை மாத்தலைன்னா என்ன ஆகும்? புரோகிராம்னா கிராஷ். ஊருன்னா வீட்டுக்குள்ள தண்ணி.

தமிழ்நாட்டுல இப்படி சுமார் 39,000 கண்மாய், ஏரி இருக்கு. வைகை ஆறே கடைசியில பெரும்பாலும் கடலுக்குப் போறதில்லை, ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல போய் சேருது. 258 கிலோமீட்டர் ஓடி வந்து ஒரு கண்மாய்ல முடியிற ஆறு நம்ம ஆறு.

ஊர் பேரை வாசிங்க

இப்போ மதுரை மேப்பை மனசுல திறங்க. தல்லாகுளம், பீபிகுளம், ஆலங்குளம், கோசாகுளம். 2004-ல உயர் நீதிமன்றக் கிளை திறந்தாங்களே, அந்த இடம் உலகனேரி. 'நேரி'ன்னு முடியிறதுல ஏரி இருக்கு. மாநகராட்சி அலுவலகம் இருக்கிற தல்லாகுளமே பழைய கண்மாய்தான். தினமும் பஸ் கண்டக்டர் கத்துற பேரு எல்லாம் பழைய நீர்நிலைப் பட்டியல். நாமதான் காதுல போட்டுக்கலை.

கட்டடம் வந்தா தண்ணி வழியை மறந்துடும்னு நினைக்கக் கூடாது. 2024 அக்டோபர் 25-ஐ மதுரைக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சாயந்தரத்துக்குள்ள கிட்டத்தட்ட 10 செ.மீ மழை. செல்லூர், நரிமேடு, ஆலங்குளம் எல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. வடக்குப் பக்கத்துக் கண்மாய்களோட மறுகால் செல்லூர் கண்மாய்க்கு வந்து, அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியா வைகைக்குப் போகணும். ஆறு என்னமோ பக்கத்துலதான் இருக்கு. ஆத்துக்குப் போற வழி சுருங்கிப் போச்சு. அதான் விஷயம்.

எங்க கதைக்கு வருவோம்

அந்தப் பெரியவர் சொன்னதை அப்பா ஏத்துக்கல. "மாடு மேய்க்கிறவர் சொல்றாருன்னு நிலத்தை விடச் சொல்றியா? பட்டா இருக்குடா"ன்னு சத்தம் போட்டாரு. பட்டா உண்மையாவே இருந்துச்சு. வில்லங்கச் சான்றுலயும் ஒரு குத்தம் இல்ல. இங்கதான் நிறையப் பேரு ஏமாறுறோம். பட்டா நிலம் யாரோடதுன்னு சொல்லும். தண்ணி எந்தப் பக்கம் வரும்னு சொல்லாது.

அதனால ரெண்டு பேப்பர் எடுத்தேன். ஒண்ணு 'அ' பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணும் புஞ்சையா, நஞ்சையா, கண்மாயா, ஓடைப் புறம்போக்கான்னு அதுல இருக்கும். இன்னொண்ணு புலப்படம், அந்த சர்வே எண்ணோட அளவு போட்ட வரைபடம். அரசோட நில ஆவண இணையதளத்துலயே ரெண்டும் கிடைக்கும். நம்ம பிளாட் சர்வே எண்ணை மட்டும் பாத்தா பத்தாது, அக்கம்பக்கத்து எண்ணையும் சேத்துப் பாக்கணும். நான் பாத்தேன். எங்க பிளாட் சுத்தமான புஞ்சை. அதை ஒட்டின எண், ஓடை. பேப்பர்ல அந்த ஓடைக்கு ஆறு மீட்டர் அகலம். நேர்ல போய்ப் பாத்தா லேஅவுட் ரோட்டோரத்துல ரெண்டடி சாக்கடை. மிச்ச அகலம் ரோட்டுக்குள்ள போயிருக்கு.

ஆறு மீட்டர்ல போன தண்ணி ரெண்டடியில போகாது. இதுக்கு இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம்.

அப்பாவை உக்கார வச்சு ரெண்டு பேப்பரையும் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "அட்வான்ஸ் போனது போனதுதான்"னு மட்டும் சொன்னாரு. ஒரு மாசம் என்கிட்ட சரியாப் பேசலை. இருபத்தஞ்சாயிரத்துக்காகக் கோபம் இல்ல, ஒரு வீட்டை மனசுல கட்டி முடிச்சிட்டாரு மனுஷன்.

அக்டோபர் மழைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, அவராவே "வாடா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவோம்"னாரு. போனோம். கலுங்குல தண்ணி வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தக் குத்துக்கல்லுக்கு நடுவுல நுரை தள்ளி எறங்குறது, சத்தியமா அழகா இருந்துச்சு. லேஅவுட் முழுக்க முழங்கால் தண்ணி.

"பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு சொல்ற மாதிரி வாயைத் திறந்தேன். மூடிட்டேன். ஏன்னா எங்க பிளாட்டுக்கு ரெண்டு பிளாட் தள்ளி புதுசா ஒரு வீடு. கிரகப்பிரவேசத்துக்குக் கட்டின மாவிலை வாசல்ல காஞ்சு தொங்குது. ஒரு அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, பக்கெட்டுல தண்ணியை மொண்டு மொண்டு வெளியே ஊத்துறாங்க. வெளியேயும் அதே தண்ணிதான். அப்பா செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு உள்ளே போனாரு. "இன்னொரு பக்கெட்டு இருக்காம்மா?"

சாயந்தரம் வரைக்கும் மொண்டோம்.

நீங்க என்ன செய்யலாம்

வெயில் காலத்துல பிளாட் பாக்கிறது, ஒரே ஒரு யூசரை வச்சு சர்வரை டெஸ்ட் பண்ற மாதிரி. எல்லாமே ஓகேன்னுதான் தெரியும். மழைக்கு மறுநாள் போங்க. பக்கத்துக் கண்மாய் கரை எந்தப் பக்கம்னு பாருங்க. திறந்த பக்கம் நிக்கிறீங்கன்னா நீங்க உள்வாய்ல நிக்கிறீங்க. கலுங்கு எங்கேன்னு தேடுங்க. ஓடையே தெரியாத இடத்துல ரோட்டுல ஒரு சின்னப் பாலம் இருந்தா, அதைக் கட்டினவனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். சம்பு, கோரை மண்டிக் கிடந்தா தண்ணி அங்க அடிக்கடி தங்குதுன்னு அர்த்தம். கடைசியா, மாடு மேய்க்கிறவங்க யாராவது கிடைச்சா ஒரு டீ வாங்கிக் கொடுத்து அஞ்சு நிமிஷம் பேசுங்க. அந்த இடத்துல வருஷம் பூரா நடக்கிறது அவங்க கால்தான்.

நாங்க இன்னும் பிளாட் வாங்கலை. அப்பா இப்போ எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல கலுங்கு எங்கன்னு கேக்குறாரு. அந்த அக்கா வீட்டுல வாசல்படியை ரெண்டடி உசத்தியிருக்காங்க, ஓடையை அளக்கச் சொல்லி தெருவே சேர்ந்து மனு கொடுத்திருக்கு. மனுவோட இணைச்ச புலப்படம் நான் எடுத்துக் கொடுத்தது. பதில் வந்தா சொல்றேன்.

உங்க ஊரு கண்மாய் பேரு என்ன, அதோட கலுங்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. தெரியலைன்னா வீட்டுல பெரியவங்ககிட்ட கேளுங்க. அடுத்த வாரம் பாப்போம், வரட்டுமா?