கொப்பு வெட்ட எந்த வாள்?

1998 தை மாத ஐஸ் மழையில் மொன்றியல் இருண்டபோது எம்மவர் பலர் வாடகைக்கு இருந்தார்கள். முறிந்த கொப்பு வீட்டுக்காரரின் பாடு. 2023 சித்திரை 5ஆம் திகதி மறுபடியும் மரங்கள் முறிந்தன, மின்சாரமும் போனது. இம்முறை வளவு எங்களுடையது. ஆள் பிடித்தால் பெருங்காசு என்று சங்கிலி வாள் பார்க்கக் கடைக்கு ஓடினோம்.

எல்லோர் கண்ணும் பெற்றோல் வாளில்தான். வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு அது வீண். எண்ணெய் கலந்த பெற்றோலை மாதக்கணக்கில் விட்டால் கார்புரேற்றர் அடைத்துவிடும். பிறகு கயிறு இழுத்தே தோள்மூட்டு கழன்றுவிடும். வயர் பூட்டும் மின்வாள் மலிவு, பாரமும் குறைவு. 14 அங்குல அலகு 12 அங்குலத் தடிக்குப் போதும். வெளிவேலைக்கான தடித்த வயராகப் பாருங்கள், மெல்லியது சூடேறும்.

மின்சாரம் இல்லாதபோது என்ன செய்வது என்று கேட்பீர்கள். நிலத்தில் கிடக்கும் கொப்பு சில நாள் பொறுக்கும். மின்கம்பியில் தொங்குவதைத் தொடவே வேண்டாம், ஹைட்ரோ கியூபெக்கை அழையுங்கள். பற்றரித் துளைகருவி வைத்திருப்பவர்கள் அதே பற்றரிக்குப் பொருந்தும் வாளையும் பார்க்கலாம்.

மிஞ்சும் காசில் கண்ணாடி, காதுமூடி, வாள் தடுக்கும் காற்சட்டை வாங்குங்கள். அலகின் நுனி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். எங்கள் வேலைத்தல நண்பர் ஒருவருக்கு நாடியருகே வந்து நின்றது; சங்கிலித் தடுப்பு இருந்ததால் தப்பினார். அந்தத் தடுப்பு இல்லாத பழைய வாளை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். ஏணியில் நின்றும் வெட்டாதீர்கள்.

நிற்கும் மரத்தைத் தறிப்பதென்றால் முதலில் நகரசபையில் அனுமதி கேளுங்கள். சங்கிலி எண்ணெய்ப் போத்தலையும் மறக்காமல் எடுங்கள், வாளோடு அது பெரும்பாலும் வராது.