ஒரு கோட்டில் விழும் படம்

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டையைப் பெரிய கமெராவினால் படமெடுக்க விழைபவர், எட்டுக்குப் பத்து அங்குலப் பிலிமின் விலையை எண்ணிப் பெருமூச்சு விடுவார். அவருக்கு மலிவான வழியொன்று உண்டு. கடிதங்களைப் பிரதி செய்யும் தட்டை ஸ்கேனரைக் கமெராவின் பின்புறத்தில், பிலிம் இருக்க வேண்டிய இடத்திலேயே பொருத்திவிடலாம்.

ஸ்கேனரின் உணர்கோல் ஒரு கோட்டை மட்டுமே காணும். அக்கோடு மெல்ல நகர்ந்து, கமெராவின் வில்லை வீழ்த்தும் பிம்பத்தை வரிவரியாக வாரிக்கொள்ளும். மெல்லிய வகை ஸ்கேனரே இதற்கு வசதியானது. அதன் விளக்கை அணைத்து, உணர்கோலின் மேலுள்ள சிறு வில்லைவரிசையைக் கழற்றிவிட வேண்டும். நிறம் பிரிப்பது அவ்விளக்கே ஆதலால், எஞ்சுவது கறுப்பு வெள்ளைப் படம். வண்ணம் வேண்டின் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளை வைத்து மும்முறை எடுத்தல் வேண்டும். அதற்குள் முகில்கள் இடம்பெயர்ந்துவிடும் என்பது வேறு கதை! அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், படத்தில் 2 கோடியே 88 இலட்சம் புள்ளிகள் அமையும். அகச்சிவப்புக் கதிரையும் உணர்கோல் ஏற்குமாதலால், அதைத் தடுக்கும் கண்ணாடி இல்லையேல் பச்சை இலைகள் வெளுத்துத் தோன்றும்.

ஆயினும், படம் முழுவதும் ஒரே கணத்தில் எடுக்கப்படுவதன்று. கோட்டை மதில் அசையாது, உள்ளபடியே பதியும். வாயிலைக் கடப்பவரின் பிம்பமோ, கோட்டுடன் சேர்ந்து நகர்ந்தால் நீளும்; எதிர்த்து நகர்ந்தால் குறுகும். 2010இல் மாம்புரியில் எழுந்த காற்றாலைகளின் இறகுகள் வாள்போல் வளைந்துபோகும். குதிரைப் பந்தயத்தின் முடிவைத் தீர்க்கும் கமெராவும் இம்முறையைச் சேர்ந்ததே. அங்கே கோடு நிற்கும், குதிரைகள் ஓடும்.