வக்கீலுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் மட்டும் போதுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வழக்கு உள்ள நம் குடும்பங்கள் பல, இன்று வக்கீலை நேரில் பார்ப்பதை விட வாட்ஸ்அப்பில் பேசுவதே அதிகம். போக்குவரத்துச் செலவும் நேரமும் மிச்சமாகின்றன, நல்லதுதான். ஆனால் "அனுப்பிவிட்டோம், பார்த்திருப்பார்" என்று இருந்துவிடுவதில் ஆபத்து உண்டு.

வக்கீலின் நிலையைச் சற்று யோசிப்போம். காலை பத்தரை மணி முதல் அவர் கோர்ட் ஹாலில் இருப்பார். போன் மௌனமாக இருக்கும். மாலையில் திறந்தால் குரல் பதிவுகள், மங்கலான போட்டோக்கள், பண்டிகை வாழ்த்துகள், "வாய்தா என்னாச்சு சார்?" என்ற கேள்விகள் எல்லாம் ஒன்றாகக் குவிந்திருக்கும். அதற்கு நடுவே "செக் திரும்பி வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருப்பார். செக் பணமின்றித் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போனால் வழக்கே கைநழுவும்.

ஒழுங்கோடு தொழில் செய்யும் வக்கீல்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தொழிலுக்குத் தனி எண். காலையும் மாலையும் செய்தி பார்க்கக் குறித்த நேரம். கோர்ட்டில் இருப்பதைச் சொல்லும் தானியங்கிப் பதில். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தனி அடையாளக் குறி. வந்த ஆவணத்தை அன்றே கேஸ் கட்டில் சேர்க்கும் பொறுப்பு குமாஸ்தாவுக்கு. நம் பிள்ளைகளில் புதிதாக வக்கீல் தொழிலுக்கு வந்திருப்பவர்களும் இதைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியவை:

1. முதல் வரியில் பெயர், எந்த கோர்ட், வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி ஆகியவற்றை எழுதுங்கள். விஷயம் இரண்டாவது வரியில் வரட்டும்.

2. நீளமான குரல் பதிவு வேண்டாம். எழுத வராதவர்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லலாம்.

3. ஆவணங்களைப் பக்க வரிசைப்படி, ஓரம் வெட்டாமல், வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

4. நாள் கெடு உள்ள விஷயமானால் செய்தியோடு நிறுத்தாமல் அலுவலகத்துக்குப் போன் செய்து, கிடைத்ததா என்று கேளுங்கள்.

5. வாய்தா தேதிக்காக வக்கீலைத் தேட வேண்டியதில்லை. வழக்குக்கு உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

போனுக்கு வரும் செய்தியே சாட்சியமாகும் சமயங்களும் உண்டு. இதில் நம் பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது, அது வாயால் சொன்னாலும் எழுத்தில் வந்தாலும் மின்னணு வடிவில் வந்தாலும் செல்லாது, சட்டவிரோதம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் திருமண உரிமைப் பாதுகாப்புச் சட்டம். சொன்ன கணவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சத் தொகை கேட்கலாம். அப்படி ஒரு செய்தி வந்தால் வேதனையிலும் கோபத்திலும் அதை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி போனை விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழும் தர வேண்டும். செய்தி வந்த போன் கையில் இருந்தால் அந்த வேலை எளிது. 'தானாக மறையும் செய்தி' வசதி போட்டிருந்தால், 24 மணி நேரத்திலோ 7 அல்லது 90 நாட்களிலோ எல்லாம் போய்விடும். அதை முதலில் நிறுத்துங்கள்.

போலீஸ் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. அதற்காக வந்ததை ஒதுக்கிவிட வேண்டாம். நீதிமன்றச் சம்மனை மின்னணு வழியில் அனுப்பப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. எது வந்தாலும் நீங்களாகப் பதில் போடாமல் அன்றே வக்கீலிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வக்கீல் வெளியே சொல்லக் கூடாது; அதே சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு இதை வலியுறுத்துகிறது. நம் வழக்கில் சொன்னால் அது அமானிதம். ஆனால் வக்கீல் அனுப்பிய ஆலோசனையை நாமே குடும்பக் குழுவிலும் மஹல்லா குழுவிலும் பகிர்ந்தால், அது எதிர்தரப்பின் கைக்குப் போக அதிக நேரம் ஆகாது. வக்கீலுக்கு உள்ள அமானிதம் நமக்கும் உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் உரிமை தருகிறது. 15100 என்ற எண்ணை அழைத்தாலே வழி சொல்வார்கள். இந்த எண்ணை வீட்டிலுள்ள எல்லோர் போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.