கூரைப் பீலியும் கொசுத் தொல்லையும்

கூரையிலிருந்து வடியும் மழைநீரை ஏந்திச் செல்லும் தகரப் பீலி நம் சுவரையும் வாசலையும் காக்கின்றது. ஆனால், தாங்கிகள் தளர்ந்து அது தொய்ந்துவிட்டால் நீர் தேங்கும். அந்நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பொரித்து, ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் கொசுக்களாகிப் பறக்கும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது இக்கொசுவே.

ஆகவே, பீலி பொருத்துங்கால் இரண்டைக் கவனிப்போம். ஒன்று சரிவு: வடிகுழாயை நோக்கி 10 அடிக்கு அரை அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். நூல் கட்டி அளப்பது நன்று. மற்றொன்று தாங்கி: 2 அடிக்கு ஒன்றாகத் திருகாணியால் முடுக்குதல் வேண்டும். உளுத்த பலகையில் திருகாணி நில்லாது. நிர்வாகத்திடம் தெரிவித்துப் பலகையை மாற்றச் செய்வோம். இறுதியில், உயர்ந்த முனையில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். எங்கும் தேங்காது வடிந்தால் வேலை செம்மையானது.

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சருகுகள் பீலியை அடைக்கும். வாரம் ஒரு முறை அவற்றை அகற்றுவோம். ஏணியை மற்றொருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

லயத்து வீடுகளுக்குக் கூரை ஒன்றே. ஒரு வீட்டின் பீலி தொய்ந்தாலும் தீங்கு அனைவர்க்கும். கொசு பெருக இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, நம் குழந்தைகளின் நலங்கருதியும் இன்றே பீலியை நிமிர்ந்து நோக்குவோம்.