முதுமையில் மருத்துவச் செலவு: அரசாங்கக் காப்பீடா, தனியார் காப்பீடா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

நாஞ்சில் நாட்டில் ஒரு குடும்பம் தன் வயலை ஒற்றி வைக்கிறதென்றால், அதற்குக் கல்யாணமோ வழக்கோ காரணமாயிருக்கும் என்று முன்பெல்லாம் கொள்வதுண்டு. இந்நாளில் அவ்விரண்டோடு மூன்றாவதாக மருத்துவச் செலவும் சேர்ந்துகொண்டது. பெற்ற பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்க, வீட்டில் தனித்திருக்கும் முதியோர் திடீரென்று நோயுற்றால், முதலில் எழும் கேள்வி எந்த வைத்தியர் என்பதன்று. பணத்திற்கு வழி என்ன என்பதேயாகும். கிராம சபைக் கூட்டங்களில் சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசி முடித்தபின், பெரியவர்கள் தனியே வந்து என்னிடம் கேட்பதும் இதைப் பற்றியே: "அரசாங்க அட்டை போதுமா? தனியார் கம்பெனியில் பாலிசி எடுக்க வேண்டுமா?"

இக்கேள்விக்கு விடை கூறுமுன் என் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். என் மாமனார் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத ஓய்வூதியம் இல்லை; சிறிது நிலமும் தென்னையும் உண்டு. அக்காலத்து வருமான வரம்பிற்குள்ளேயே அவர் இருந்தார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைப் பெற்றுக்கொள்ளும்படி நான் பலமுறை சொல்லியும், "அது வகையற்றவர்களுக்கு உள்ளது, நமக்கெதற்கு?" என்று மறுத்துவிட்டார். அறுபத்தாறாம் வயதில் ஏஜெண்டு ஒருவரின் பேச்சைக் கேட்டுத் தனியார் பாலிசி ஒன்று எடுத்தார். பல ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. விண்ணப்பத்தில் அதைக் குறிக்க வேண்டாம், குறித்தால் பிரீமியம் ஏறும் என்று ஏஜெண்டு சொன்னதை நம்பி, 'நோய் ஏதும் இல்லை' என்ற இடத்தில் கையெழுத்திட்டார். இரண்டாம் ஆண்டில் நெஞ்சுவலி வந்து இரத்தக்குழாய் அடைப்பிற்குச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக் குறிப்பில் பழைய சர்க்கரை நோய் எழுதப்பட்டிருந்தமையால் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. கையெழுத்து அவருடையது, ஆகையால் வாதிடவும் இடமில்லை. வீட்டுக்குக் கிழக்கேயிருந்த பதினைந்து சென்ட் தென்னந்தோப்பு ஒற்றியாயிற்று. அவர் வேண்டாமென்ற அந்த அட்டை கையில் இருந்திருப்பின், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனையிலோ அதே சிகிச்சையைக் கைப்பணமின்றிப் பெற்றிருக்கலாம்.

ஆகவே முதலாவதாகச் செய்யத்தக்கது, தமக்கு ஏற்கெனவே உரிமையாயுள்ள அரசாங்கக் காப்பு யாது என்பதை ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளுதலாம். ஓய்வு பெற்றோர் எல்லாரும் ஒரே வகுப்பினர் அல்லர். மாநில அரசு ஊழியராகவோ ஆசிரியராகவோ இருந்து ஓய்வூதியம் பெறுவோர்க்குத் தனியான காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நான்கு ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட தொகுப்பில், மாதந்தோறும் ஓய்வூதியத்தில் 497 ரூபாய் பிடித்தம் செய்து, ஓய்வூதியருக்கும் வாழ்க்கைத் துணைக்குமாக 5 லட்சம் ரூபாய் வரை காப்பு அளிக்கப்பட்டது. குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. இத்தொகை ஆண்டுதோறும் புதிதாகக் கிடைப்பதன்று, நான்காண்டுகளுக்கும் சேர்த்தே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு தொகுப்பு முடிந்ததும் பிடித்தமும் காப்புத் தொகையும் மாறக்கூடுமாதலால், நடப்பு விவரத்தைக் கருவூலத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நன்று.

படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோர் நம் மாவட்டத்தில் பலர். அவர்களுக்கு 2003 ஏப்ரல் 1 முதல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைபெற்று வருகிறது. பதவிக்கேற்ற தொகையை ஒரே முறை செலுத்தினால் ஆயுள் முழுவதும் காப்பு உண்டு. மனைவிக்கும், வருமான வரம்பிற்கு உட்பட்டுச் சார்ந்திருக்கும் பெற்றோர்க்கும் உண்டு. இதற்கு நிகரான தனியார் பாலிசியை நான் கண்டதில்லை. அஞ்சல் முதலிய மத்திய அரசுத் துறைகளிலிருந்து ஓய்வு பெற்று, மத்திய அரசின் மருத்துவ நிலையங்கள் இல்லாத ஊர்களில் வசிப்போர் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி பெறலாம். அப்படி வெளிநோயாளிச் செலவுக்கே உரியது. அதை மட்டும் நம்பியிருப்பவர், படுக்கையில் சேர நேர்ந்தால் என்ன வழி என்பதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுதல் வேண்டும்.

முந்திரித் தொழிற்சாலைகளில் ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்ந்த தாய்மார்களை இங்குத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் இவர்கள் இல்லாத ஊர் அரிது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று வழங்குவதில், குறைந்தது ஐந்தாண்டு காப்பீடு பெற்றிருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால், தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ உதவியைத் தொடர்ந்து பெறலாம். மாதத்திற்குப் பத்து ரூபாய்! இவ்வுரிமை இருப்பதே தெரியாமல் வேலையோடு அட்டையையும் விட்டுவிட்டவர் பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

மேற்சொன்ன எவ்வகையிலும் சேராத விவசாயிகள், விவசாயத் தொழிலாளர், சிறு வியாபாரிகள் ஆகியோர்க்குரியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் 2012 ஜனவரியில் இப்பெயருடன் விரிவுபடுத்தப்பட்டது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு அளிக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். பிரீமியத்தை அரசாங்கமே செலுத்துகிறது. பழைய நோய் இருப்பதால் மறுப்பதில்லை. காத்திருப்புக் காலமும் இல்லை. ஆனால் குடும்ப அட்டையில் பெயர் இருத்தல் இன்றியமையாதது. மகன் தனிக்குடித்தனம் போகையில் பெற்றோரின் பெயரை நீக்கிவிட்டு, வேறெங்கும் சேர்க்காமல் விட்ட வீடுகள் உண்டு. நோய் வந்த அன்று அப்பிழையைத் திருத்த இயலாது.

எழுபது வயதைக் கடந்தோர்க்கு வேறொரு வாயிலும் திறந்திருக்கிறது. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசாங்கம், வருமானம் எதுவாயினும் 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் 5 லட்சம் ரூபாய் காப்பை அறிவித்தது. தனியார் பாலிசி வைத்திருப்போரும் இதற்கு உரியவரே. முன்னாள் படைவீரர் திட்டத்திலோ மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்திலோ இருப்பவர் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். வயது ஆதார் அட்டையின்படியே கணக்கிடப்படும். நம்மூர்ப் பக்கத்து மருத்துவமனை எது இவ்வட்டையை ஏற்கிறது என்று விசாரித்து உறுதி செய்துகொள்ளும்வரை, கையிலுள்ள வேறு காப்பைக் கைவிடலாகாது.

இனி அரசாங்கக் காப்பின் குறைகளையும் மறைக்காமல் சொல்லுதல் முறை. பட்டியலிலுள்ள சிகிச்சைக்கும், பட்டியலிலுள்ள மருத்துவமனைக்குமே அது செல்லும். விரும்பிய வைத்தியர், தனியறை என்றெல்லாம் கேட்க இயலாது. நம் மாவட்டத்தாருக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. 1956 நவம்பர் 1க்கு முன் திருவிதாங்கூரோடு இருந்த பழக்கத்தாலும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், மண்டலப் புற்றுநோய் மையம் போன்றவை அங்கிருப்பதாலும், பெரிய நோய் என்றவுடன் திருவனந்தபுரத்திற்கு வண்டி பிடிப்பது நம் வழக்கம். களியக்காவிளையைக் கடந்தால் வேறு மாநிலம். நம் அட்டை அங்குள்ள இன்ன மருத்துவமனையில் இன்ன சிகிச்சைக்குச் செல்லுமா என்பதைப் புறப்படுமுன் கேட்டறிந்தே செல்லுதல் வேண்டும். அவசரமில்லாத சிகிச்சையில் ஒரு நாள் விசாரணைக்குச் செலவிடுவதால் நட்டம் ஒன்றுமில்லை.

தனியார் காப்பீடு இக்குறைகளுட் சிலவற்றைத் தீர்க்கும். மாநில எல்லை அதற்குப் பெரிய தடையன்று. மருத்துவமனையைத் தேர்வதில் சுதந்திரம் மிகுதி. சட்ட விதிகளும் முன்னைவிட முதியோர்க்குச் சாதகமாகியுள்ளன. வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் வாயிலை அடைக்கும் வழக்கத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஏப்ரல் விதிகள் மாற்றின. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் நான்காண்டிலிருந்து உச்சமாக மூன்றாண்டாகக் குறைந்தது. ஐந்தாண்டு இடைவிடாது பிரீமியம் கட்டியபின், மோசடி என்று நிரூபித்தாலன்றிப் பழைய நோயைக் காரணங்காட்டி மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 விழுக்காட்டு வரியும் நீங்கியது.

ஆனால் பாலிசியின் முதற்பக்கத்துத் தொகையை நம்பி ஏமாறுதல் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் ரூபாய் பாலிசி. அறை வாடகை வரம்பு ஒரு விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய். இணைச்செலவாக நோயாளி ஏற்க வேண்டியது 20 விழுக்காடு. நோயாளி 5,000 ரூபாய் அறையில் ஆறு நாள் தங்குகிறார். அறை வாடகை 30,000; வைத்தியர், அறுவை அரங்கு முதலிய கட்டணம் 80,000; மருந்தும் பரிசோதனையும் 60,000; மொத்தம் 1,70,000 ரூபாய். அறைக்குக் கம்பெனி ஒப்புவது 18,000. அறை வரம்பை மீறியதால், வைத்தியர் கட்டணத்திலும் ஐந்தில் மூன்று பங்கே, அதாவது 48,000 மட்டுமே ஒப்பப்படும். மருந்தும் பரிசோதனையும் இவ்வெட்டுக்கு உட்படாமல் 60,000 முழுமையாக நிற்கும். ஆக 1,26,000. அதில் இணைச்செலவு 25,200 கழிய, கம்பெனி தருவது 1,00,800. மீதி 69,200 ரூபாயை நோயாளி கட்ட வேண்டும். காப்புத் தொகை 3 லட்சம் இருந்தும் இவ்வளவு! மூவாயிரம் ரூபாய் அறையில் தங்கியிருப்பின் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். ஆகவே அறை வரம்பு, இணைச்செலவு, காத்திருப்புக் காலம் ஆகிய மூன்றையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுக. பாலிசி கைக்கு வந்து முப்பது நாட்களுக்குள் பிடிக்கவில்லையெனில் திருப்பிக் கொடுக்கவும் உரிமையுண்டு.

அடுத்தது பிரீமியம். இன்று கட்ட முடிகிறதா என்பதோடு நில்லாமல், எழுபத்தைந்து வயதிலும் கட்ட முடியுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று 30,000 ரூபாய் பிரீமியம் ஆண்டுதோறும் பத்து விழுக்காடு ஏறினால், பத்தாண்டில் ஏறக்குறைய 78,000 ரூபாயாகிவிடும். மூத்த குடிமக்களுக்கு ஓராண்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதாயின் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. அதற்குட்பட்ட உயர்வுக்குத் தடையில்லை. ஐந்தாறு ஆண்டு கட்டிவிட்டு, நோய் வரும் வயதில் நிறுத்துவதைவிட, தொடக்கத்திலேயே அப்பணத்தைக் கூட்டுறவு வங்கியில் போட்டு வைப்பது மேல் என்பது என் கருத்து. விவசாயிகளுக்கு ஒரு யோசனையும் சொல்வேன். கன்னிப்பூ அல்லது கும்பப்பூ அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் மாதத்தில் பாலிசியைத் தொடங்கினால், ஆண்டுதோறும் அதே மாதத்தில் புதுப்பிக்கும் நாள் வரும். நடவுச் செலவின்போது தவணை வந்து நின்றால் பாலிசி காலாவதியாவதற்கே வாய்ப்பு மிகுதி.

யார்தான் தனியார் பாலிசி எடுக்கலாம் எனில், அரசாங்க அட்டைக்கு வருமானம் மிஞ்சியவராயும், ஓய்வூதியர் காப்பு இல்லாதவராயும், எழுபது நிறையாதவராயும் உள்ளவர் எடுக்கத்தான் வேண்டும். அதுவும் அறுபதுக்கு முன்பே, உடல் நன்றாயிருக்கையில். வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்பும் குடும்பங்கள் பலவும் இவ்வகையே. மற்றையோர் அரசாங்கக் காப்பை முதலில் உறுதி செய்துகொண்டு, மிச்சம் இருந்தால் தனியாரை நாடலாம். ஒன்றைப் பெறுவதற்காக மற்றதை விடுதல் வேண்டா.

மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் காப்பீடு பணம் தரும் என்று எண்ணுவோர் உளர். பெரும்பாலான காப்பீடுகள் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியவை. அம்மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகின்றன.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது அதிகம். தத்தம் வார்டில் அறுபது கடந்தவர் வீடுகளுக்கு ஒருமுறை சென்று, யாரிடம் என்ன அட்டை உள்ளது, குடும்ப அட்டையில் பெயர் உண்டா, ஆதாரில் பிறந்த ஆண்டு சரியா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது. வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்திற்குச் செல்ல வேண்டும். நடக்க இயலாத முதியோரைச் சேர்த்து ஒரே வண்டியில் அழைத்துச் செல்லுதல் உசிதம். தனியார் கம்பெனி பணம் மறுத்தால், முதலில் அக்கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட்டு, ஒரு மாதத்திற்குள் தக்க பதில் வராவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்; கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. முதலமைச்சர் திட்டத்தைப் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.